சீல் தேய்ந்த கணக்கு: பாமினிக் கொப்பியிலிருந்து வெய்புல் கோடு வரை

நீர்ப்பம்பு திருத்தும் ஒரு பட்டறையின் பழைய கணக்கு முழுவதும் கடைசியில் ஒரே கோப்பாகிவிட்டது. அதை ரிலையபிலிட்டி மென்பொருள் தடங்கலில்லாமல் வாசித்து, பம்புக்குள் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் சீல்களில் பழுதானவை 61, பழுதாகாமல் நிற்பவை 94 என்று திருப்பிச் சொன்னது. கையால் எண்ணி வைத்திருந்ததும் அதே 61, அதே 94. கணிப்பு என்ற வேலை அதற்குப் பிறகு சில நிமிடங்கள்தான். அதற்கு முந்தைய கோப்பு மாற்றும் வேலைதான் முழு உழைப்பையும் எடுத்தது. எங்கள் வன்னிப் பக்கத்தில், யூனிகோட்டுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த எக்செல் கோப்புகள் இன்னும் எத்தனையோ சங்கங்களிலும் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பட்டறை விசுவமடுப் பக்கம், மாமாவுடையது. தோட்டக்காரரின் இரண்டு இஞ்சி நீரிறைக்கும் பம்புகள்தான் பெரும்பாலும் வரும். மண்ணெண்ணெயில் ஓடுபவை, பெற்றோலில் ஓடுபவை இரண்டும் உண்டு. 2012இல் திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேலையையும் பில் இலக்கத்தோடு கொப்பியில் எழுதி வந்திருக்கிறார். வெயில் காலப் பயிர்ப் பருவமான சிறுபோகம் தொடங்கினால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் சீல் ஒழுகுகிறதென்று வந்து நிற்பார்கள். சாமான் கையில் இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும்வரைக்கும் வெங்காயம் காயும். மாமா கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, உந்தக் கொம்பியூட்டரிட்டக் கேட்டுச் சொல்லு, வாற போகத்துக்கு எத்தினை சீல் எடுத்து வைக்கிறதெண்டு."

இந்தக் கேள்விக்கு ஏற்ற கருவி வெய்புல் பரம்பல், சாமான்கள் எந்த வயதில் பழுதாகும் என்று கணிக்கும் புள்ளியியல் முறை. சுவீடன் பொறியியலாளர் வலோடி வெய்புல் 1951இல் எழுதிய கட்டுரையால் பரவலானது. பீட்டா என்ற எண் 1ஐ விடக் கூடினால் சாமான் வயதாகித் தேய்ந்து பழுதாகிறது. 1க்குக் கிட்ட நின்றால் பழுதுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. 1க்குக் குறைந்தால் புதிதிலேயே பழுதாகிறது. ஈட்டா என்பது நூற்றுக்கு 63.2 பங்கு பழுதாகியிருக்கும் வயது. இதற்கு மேல் கோட்பாடு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கையில் இருந்தவை மூன்று வகைக் கோப்புகள். 2012, 2013, 2016, 2017 கொப்பிகளை மாமா தட்டச்சு அடித்துத் தரும் ஒரு கொமினிகேசன் கடையில் கொடுத்து, பக்கத்துக்கு 25 ரூபாய்ப்படி அடித்து வைத்திருந்தார். அது பழைய எக்செல் கோப்பு, தமிழ் முழுக்கப் பாமினி எழுத்துரு. 2014, 2015 கொப்பிகளை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்ப, கனடாவில் இருக்கிற மச்சான் தன் பழைய மாக் கணினியில் அடித்துத் தந்தார். 2018க்குப் பிறகு உள்ளதெல்லாம் கைபேசியில் கூகிள் ஷீட்ஸில் பதிந்தது, யூனிகோட் தமிழ்.

மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவில்லை. லிப்ரே ஒபிஸ், பைதன், பைதனுக்குள் எக்செல் கோப்பை வாசிக்க ஓப்பன்பைஎக்செல், அட்டவணை வேலைக்குப் பாண்டாஸ், கணிப்புக்கு ரிலையபிலிட்டி என்ற பெயரிலேயே உள்ள நூலகம். எல்லாம் இலவசம். அவற்றை இறக்கிய டேட்டாக் காசுதான் செலவு.

முதல் வேலையாக மூல கோப்புகளை ஒரு தனி அடைவில் போட்டு, திருத்த முடியாதபடி வாசிப்பு மட்டும் என்று பூட்டினேன். பிறகு நடந்த எந்தக் குழப்பத்திலும் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது அதனால்தான்.

அடுத்து, எல்லோரும் செய்வதுபோல, பாமினிக் கோப்பைத் திறந்து சீஎஸ்வியாகச் சேமித்தேன். கட்டங்களைக் கமாவால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக் கோப்பு அது, மென்பொருளுக்குள் எடுக்கச் சுலபமான வடிவம். ஆனால் சேமிக்கும்போது திறந்திருக்கிற தாள் மட்டும்தான் போகிறது. ஆண்டுக்கு ஒரு தாளாக நான்கு தாள்கள் இருந்தன, வெளியே வந்தது ஒன்று. வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்ததும் அது பிடிபட்டது. நான்கையும் தனித்தனியாகச் சேமித்து, வரியைக் கமாவில் வெட்டும் ஒரு சின்னப் பைதன் துண்டுக்குக் கொடுத்தேன். பல வரிகளில் பத்தி (நெடுவரிசை) கூடிப்போய், விலை இருக்க வேண்டிய இடத்தில் ஊர் இருந்தது.

காரணம் பாமினியின் அமைப்பு. பாமினியில் 'இ' என்ற எழுத்து விசைப்பலகையின் கமா. கண்ணுக்கு 'இரணைமடு' என்று தெரிவது கணினிக்குக் கமாவில் தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கூட்டம். 'இம்பெல்லர்' (பம்புக்குள் சுழலும் சக்கரம்), 'இயந்திரம்', 'இரும்பு' எல்லாவற்றுக்கும் தலையில் கமா. எக்செல் அப்படியான கட்டங்களுக்கு மேற்கோள்குறி போட்டுத்தான் சேமிக்கிறது. ஆனால் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு கமாவில் வெட்டினால் மேற்கோள்குறி காப்பாற்றாது. சரி, பிரிப்பானை அரைப்புள்ளியாக மாற்றுவோம் என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிதான். 'பம்ப்' என்ற சொல்லில் இரண்டு, 'இம்பெல்லர்' என்ற சொல்லில் மூன்று. தமிழில் புள்ளியில்லாத வரி எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகச் சிதறியது. தாவலை (டாப் விசையின் இடைவெளியை) பிரிப்பானாக வைத்து, சீஎஸ்வியை முறையாக வாசிக்கும் நூலகத்தைப் பாவித்த பிறகு பத்திகள் ஒழுங்காக நின்றன.

அடுத்த சிக்கல் இதைவிட ஆழமானது. கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, உந்தக் குறிப்புப் பத்தி வாசிக்கேலாது, அதைத் தூக்கிவிட்டு நாளையும் நிலையையும் மட்டும் எடுங்கோ" என்றார். மென்பொருளுக்குத் தேவை நாளும் நிலையும்தான், அது உண்மை. ஆனால் நிலை என்ன என்பது எழுதியிருந்ததே அந்தக் குறிப்புப் பத்தியில்தான். சீல் ஒழுகியதால் மாற்றினார்களா, வேறு வேலைக்குக் கழற்றியபோது கூடவே மாற்றினார்களா என்று வேறு எங்கேயும் இல்லை. அந்தப் பத்தியை விட்டால் மிச்சம் வெறும் பில் கணக்கு. அதனால் பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

இங்கே சீஎஸ்வி ஒரு முட்டுக்கட்டை. ஒரே பத்தியில் சில கட்டங்கள் பாமினித் தமிழ், சில கட்டங்கள் ஆங்கிலத்தில் பம்பின் பெயர் அல்லது இலக்கம். எது எது என்று சொல்லுவது கட்டத்தின் எழுத்துரு மட்டும்தான். சீஎஸ்வியில் எழுத்துரு போகாது. நிறமும் போகாது. சிவப்புப் பூசிய வரி, பம்பே கழிவுக்குப் போய்விட்டது என்று பொருள். பச்சை பூசியது, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தது. இவை வேறெங்கும் எழுதப்படவில்லை, மாமாவின் தலைக்குள்ளும் அந்த நிறத்துக்குள்ளும் மட்டும் இருந்தன. ஆகவே சீஎஸ்வியைக் கைவிட்டு, பழைய எக்செல் கோப்பை லிப்ரே ஒபிஸில் திறந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தேன். ஓப்பன்பைஎக்செல் பழைய வடிவத்தைத் திறக்காது, புதியதைத் திறக்கும். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருப் பெயரையும் பார்த்து, பாமினி என்றால் மட்டும் மாற்று, இல்லையென்றால் தொடாதே என்று எழுதினேன். கட்டத்தின் நிறத்தை ஒரு புதிய பத்தியில் சொல்லாக எழுத வைத்தேன். ஒரே கட்டத்துக்குள் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று எழுத்துரு மாறுகிற இடங்களும் இருந்தன. ஓப்பன்பைஎக்செல் 3.1 பதிப்பிலிருந்து கட்டத்துக்குள் இருக்கும் துண்டுகளைத் தனித்தனி எழுத்துருவோடு வாசிக்க வழி இருக்கிறது. அதைப் பாவித்தேன்.

மாற்றும் அட்டவணையில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. பாமினியில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றும் தட்டச்சுப்பொறியில் போல எழுத்துக்கு முன்னால் வரும். யூனிகோட்டில் எழுத்துக்குப் பின்னால். 'கொ' என்பது கொம்பு, ககரம், அரவு (துணைக்கால் 'ா') என மூன்று துண்டு. ஆகவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, குட்டையானவற்றைப் பிறகு மாற்ற வேண்டும். வரிசை பிழைத்தால் தனிக்கொம்பு அந்தரத்தில் தொங்கும்.

ஔகாரம்தான் பெரிய தலையிடி. 'வௌ' என்பதைப் பாமினியில் கொம்பு, வகரம், ளகரம் என்று அடிப்பார்கள். 'வெள' என்பதற்கும் அதே மூன்று விசைதான். வலையில் கிடைக்கும் மாற்றிகள் ஔகாரத்தை முதலில் பிடித்துவிடுவதால் 'வெள்ளாங்குளம்' என்பது 'வௌ்ளாங்குளம்' ஆகிவிடும். நம் செய்தித் தளங்களில் 'வௌிநாடு', 'வௌியீடு' என்று பார்த்திருப்பீர்கள், அதே நோய்தான். என் தரவில் ஔகாரம் உண்மையில் வரும் சொற்களைத் தேடினேன். கிடைத்தது ஒன்றே ஒன்று, பூநகரிப் பக்கத்துக் 'கௌதாரிமுனை'. ஆகவே அட்டவணையிலிருந்து ஔகாரத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, கௌதாரிமுனையை மட்டும் தனி விதியாகச் சேர்த்தேன்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. பாமினியில் 'ர்' அடிப்பதற்கு அரவு விசையைத் தட்டிப் புள்ளி வைக்கும் பழக்கம் உண்டு, அச்சில் அது வடிவாக இருக்கும் என்பதற்காக. மாற்றினால் அரவும் புள்ளியும் ஒட்டிய 'ா்' வருகிறது. திரையில் 'இம்பெல்லர்' என்றும் 'இம்பெல்லா்' என்றும் இருப்பவற்றைக் கண் வேறுபடுத்தாது. கணினிக்கு அவை இரண்டு சொற்கள், எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து வரும். அரவும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் 'ர்' ஆக்கு என்ற ஒற்றை வரி இதைத் தீர்த்தது. தமிழில் அரவுக்கு மேல் புள்ளி வரவே வராது என்பதால் பயமில்லாமல் எல்லா இடத்திலும் ஓடவிடலாம்.

குறிப்புப் பத்தியைத் தமிழாக்கிய பிறகு, அதிலிருந்த வெவ்வேறு சொற்றொடர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். 'ஒழுகுது', 'வழியுது', 'மண் இழுத்தது', 'மணல்', 'வெறும் ஓட்டம்', 'தண்ணி இல்லாமல் ஓடினது', 'சும்மா மாத்தினது' என்று நீண்டது. நான் இவற்றை எல்லாம் சீல் பழுது என்று ஒரே வகையாக்கும் எண்ணத்தில் இருந்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "உது எல்லாம் ஒண்டில்லை தம்பி. மண் இழுத்துத் தேஞ்சது வேற, வெறும் ஓட்டம் ஓடி எரிஞ்சது வேற. கையில எடுத்துப் பாத்தாத் தெரியும்" என்றவர், பழைய சீல்கள் கிடந்த ரின்னைக் கவிழ்த்து இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் வெள்ளைச் செரமிக் வளையத்தின் முகத்தில் வட்டம் வட்டமாகக் கீறல், நகத்தை வைத்தால் தடக்கியது. கறுப்புக் காபன் முகம் தேய்ந்து விளிம்பு கூர்மையாகியிருந்தது. றப்பர் மட்டும் நல்லபடி. அது மணல். மற்றதில் செரமிக் குறுக்காக வெடித்திருந்தது, றப்பர் இளகிக் கருகிப்போய் இருந்தது, காபன் முகம் கிட்டத்தட்டப் புதிது போல இருந்தது. பம்பின் கூட்டுக்குள் தண்ணீர் நிரப்பாமல் ஸ்ராட் பண்ணினால் இப்படித்தான். அந்த இரு முகங்களுக்கும் தண்ணீர்தான் எண்ணெய், தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே போதும், சீல் போய்விடும்.

அதன்பிறகு நிலைக்கு மூன்று பெயர் வைத்தேன்: மணல், வெறும் ஓட்டம், நிறுத்தம். ஒழுகாமலே கூடவே மாற்றியவை, கணக்கு முடித்த நாளில் இன்னும் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பவை, பம்பை விற்றுவிட்டதால் கடைசியாகக் கண்ட திகதியோடு நிற்பவை எல்லாம் நிறுத்தம். 'ஒழுகுது' என்று மட்டும் எழுதியிருந்த வரிகளில் ஊரையும் பம்பையும் பார்த்து மாமா வகை சொன்னார். அவருக்கே தெரியாதவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

இனித் திகதி. பாமினிக் கோப்பில் திகதிகள் நேராகவே இருந்தன. மச்சானின் கோப்பிலிருந்து கட்டங்களைப் பிரதி எடுத்து ஒட்டியதும் 2014ஆம் ஆண்டுப் பில்கள் 2010 என்று வந்தன. பட்டறை திறந்ததே 2012இல். எக்செல் திகதியை ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. பழைய மாக் எக்செல் 1904ஐத் தொடக்கமாக எடுக்கும், விண்டோஸ் எக்செல் 1900ஐ எடுக்கும். இரண்டுக்கும் இடையில் 1,462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும். எண் அப்படியே ஒட்டப்பட்டதால் திகதி பின்னால் போய்விட்டது. 1,462ஐக் கூட்டியதும் சரி வந்தது. கட்டங்களை ஒட்டாமல் கோப்பையே நேராக வாசித்தால் இந்தப் பிரச்சினை எழாது, கோப்புக்குள் தொடக்க ஆண்டு எழுதியிருக்கும்.

கூகிள் ஷீட்ஸ் கோப்பில் நடந்தது இதைவிட நுணுக்கமானது. அதில் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று கிடந்திருக்கிறது. நாங்கள் நாளை முதலும் மாதத்தைப் பிறகும் எழுதுகிறவர்கள். 25/07/2018 என்று அடித்தால் இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிட்டது. 12/07/2018 என்று அடித்தால் டிசம்பர் 7 என்று எடுத்துக்கொண்டு, பிழை எதுவும் காட்டாமல் அமைதியாகிவிட்டது. எழுத்தாக நின்றவை கட்டத்தின் இடப்பக்கம், திகதியானவை வலப்பக்கம். பத்தியைக் கீழே உருட்டிப் பார்த்தால் இடமும் வலமுமாகக் கலந்து நிற்கும். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அதைப் பார்த்து அல்ல. டிசம்பரில் இத்தனை பம்புகள் பழுதென்று வந்திருக்க வழியில்லை. மாரி கொட்டுகிற நேரம் வன்னியில் யார் தண்ணீர் இறைக்கிறார்கள்?

வலப்பக்கம் நின்றவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி, இடப்பக்கம் நின்றவற்றை நாள், மாதம், ஆண்டு வரிசையில் வாசித்தால் தீர்ந்துவிடும் என்று பட்டது. முழுக்கத் தீரவில்லை. ஒரு பகுதியை மாமாவின் மகள் வீட்டுக் கணினியில் சரியான அமைப்போடு அடித்து ஒட்டியிருக்கிறாள். அவை ஏற்கெனவே சரி, மாற்றினால் பிழை. எந்த வரி எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பில் இலக்கம் கைகொடுத்தது. பில் இலக்கம் ஏறிக்கொண்டே போகிறது, ஆகவே திகதியும் பின்னோக்கிப் போகக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு வாசிப்பையும் எடுத்து, முன் பில்லுக்கும் பின் பில்லுக்கும் நடுவில் எது பொருந்துகிறதோ அதை வைத்தேன். எதுவும் பொருந்தாத சில வரிகளுக்குக் கொப்பியையே புரட்டினேன். பில் இலக்கம் இல்லாத கணக்கென்றால் இந்த வேலையை நான் கைவிட்டிருப்பேன். கடைசியில் எல்லாத் திகதியையும் ஆண்டு, மாதம், நாள் வரிசையில், 2018-07-12 என்ற மாதிரி எழுத்தாகவே சேமித்தேன். இந்த வடிவத்தை எந்த நாட்டு அமைப்பும் தலைகீழாக வாசிக்காது.

எஞ்சின் இலக்கங்களிலும் இழப்பு இருந்தது. சீஎஸ்வியை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் முன்னால் நிற்கும் பூச்சியங்கள் போய்விடும். நடுவில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்று மட்டும் வரும் இலக்கத்தைப் பத்தின் அடுக்காக எடுத்து வேறு எண்ணாக்கிவிடும். ஒரே பம்பின் முதல் வரவையும் இரண்டாம் வரவையும் பிணைப்பது இந்த இலக்கம்தான், இது கெட்டால் வயதுக் கணக்கே இல்லை. லிப்ரே ஒபிஸில் சீஎஸ்வியைத் திறக்கும்போது வருகிற சாளரத்தில் ஒவ்வொரு பத்தியையும் சொடுக்கி 'எழுத்து' அல்லது 'நாள்-மாதம்-ஆண்டுத் திகதி' என்று சொல்லிக் கொடுக்கலாம். எக்செலில் இரட்டைச் சொடுக்கை விட்டுவிட்டுத் தரவு இறக்குமதி வழியாகப் போக வேண்டும்.

ஒன்றிணைத்த கட்டங்கள் பற்றிச் சுருக்கமாக: ஒருவரின் பெயர் ஐந்து வரிக்குச் சேர்த்து ஒரே கட்டமாக இருந்தால், மேல் வரியில்தான் பெயர் இருக்கும், மற்ற நான்கும் வெறுமை. மேலிருப்பதைக் கீழே நிரப்பும் கட்டளை உண்டு. உண்மையில் வெறுமையான கட்டங்களையும் அது நிரப்பிவிடும் என்பதால், ஒன்றிணைத்த பகுதிகளின் பட்டியலைக் கோப்பிலிருந்தே எடுத்து அவற்றுக்குள் மட்டும் நிரப்பினேன். யூடிஎஃப்-8 (யூனிகோட்டைக் கோப்பில் எழுதும் முறை) சீஎஸ்வியை எக்செல் தமிழாகக் காட்ட, கோப்பின் தலையில் மூன்று பைட் கொண்ட ஓர் அடையாளம் தேவை. அதே அடையாளம் பைதனில் முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, கண்முன் இருக்கிற பத்தியை இல்லை என்று சொல்ல வைக்கும். வாசிக்கும்போது அடையாளத்தோடு கூடிய யூடிஎஃப்-8 என்று சொன்னால் போதும்.

வயதை நாளில் எடுத்தேன். சீல் போட்ட நாளிலிருந்து கழற்றிய நாள்வரை எண்ணி, பம்பு சும்மா கிடக்கும் நவம்பரையும் டிசம்பரையும் கழித்தேன். ஓடிய மணித்தியாலம்தான் சரியான அளவு, ஆனால் இந்தப் பம்புகளில் அதற்கு மீற்றர் இல்லை. கொடுத்த அன்றைக்கே திரும்பி வந்தவற்றின் வயது பூச்சியம். வெய்புல் கணக்கு மடக்கை எடுப்பதால் பூச்சியத்தை ஏற்காது. அவற்றுக்கு அரை நாள் வைத்தேன்.

ரிலையபிலிட்டி நூலகம் தரவை மூன்று உருவத்தில் கையாளுகிறது. எஃப்ஆர் என்பது பழுதானவற்றின் வயதுகள் ஒரு பட்டியல், நிற்பவற்றின் வயதுகள் மற்றொரு பட்டியல். எஃப்என்ஆர்என் என்பது அவற்றோடு எண்ணிக்கையும் சேர்த்து நான்கு பத்தி. எக்ஸ்சிஎன் என்பது வயது, நிலை, எண்ணிக்கை என்று மூன்று பத்தி. எக்செல் கோப்பிலிருந்து நேரே இவற்றுக்கு மாற்றவும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றவும் அதிலேயே செயற்கூறுகள் உண்டு. கொப்பியின் வரியோடு ஒப்பிட எக்ஸ்சிஎன்தான் வசதி, ஒரு வரி ஒரு சீல். அதில் செய்து, கணிப்புக்கு எஃப்ஆர் ஆக மாற்றினேன்.

நிலைக்கு எண் பாவித்தபோது ஒரு தடவை விடை கோணலாக வந்தது. லைஃப்லைன்ஸ் என்ற நூலகத்திலும் ஆர் மொழியின் சர்வைவல் பொதியிலும் 1 என்றால் பழுது நடந்தது, 0 என்றால் நடக்கவில்லை. பழுதை 0 என்றும் நிற்பதை 1 என்றும் எழுதுகிற கருவிகளும் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க லைஃப்லைன்ஸுக்குக் கொடுத்த கோப்பில் எண்கள் தலைகீழாகக் கிடந்தன. அது குறை சொல்லாமல் ஒரு விடையைத் தந்தது. இப்போது எண்ணே பாவிப்பதில்லை, 'பழுது', 'நிறுத்தம்' என்று சொல்லாக வைத்து, மென்பொருளுக்குள் நுழையும் கடைசி வரியில் மட்டும் மாற்றுகிறேன். நூலகம் விடையோடு அச்சிடும் பழுது/நிறுத்த எண்ணிக்கையைக் கொப்பி எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகுதான் அடுத்த வரியை வாசிப்பது.

விடைகள். நிற்கும் 94ஐயும் விட்டுவிட்டுப் பழுதான 61ஐ மட்டும் கொடுத்தபோது ஈட்டா ஏறக்குறைய 230 நாள். 94ஐயும் சேர்த்ததும் 510க்கு மேல் போனது. பழுதானவற்றை மட்டும் பார்த்துச் சீல் வாங்கியிருந்தால் மாமாவின் காசு பாதி அலுமாரியில் முடங்கியிருக்கும். ஆனால் அந்தச் சேர்ந்த விடையிலும் பீட்டா 1.1. தேய்வா தற்செயலா என்று தெளிவாகச் சொல்லாத எண். வரைபடத்தில் புள்ளிகள் கோட்டில் நிற்காமல் நடுவில் முழங்கை போல மடிந்தன. மாமா மேசையில் வைத்த இரண்டு சீலையும் அப்போதுதான் கணக்குக்குள் கொண்டுவந்தேன். மணலை ஆராயும்போது மணலால் போன 38 மட்டும் பழுது, வெறும் ஓட்டத்தில் போன 23உம் நிறுத்தம். அந்த 23 சீலும் அதுவரைக்கும் மணலைத் தாங்கி நின்றவைதானே. வெறும் ஓட்டத்தை ஆராயும்போது இதற்குத் தலைகீழ்.

மணலுக்குப் பீட்டா 2.3, ஈட்டா 480. புள்ளிகள் கோட்டில் ஒழுங்காக நின்றன. இதன்படி 180 நாளில் பத்துக்கு ஒரு சீல் போகும், 410 நாளில் பாதி போகும். இது வயதுத் தேய்வு, முன்கூட்டி மாற்றலாம். வெறும் ஓட்டத்துக்குப் பீட்டா 0.9. எந்த வயதிலும் நடக்கும், புதுச் சீல் போடுவதால் எதுவும் தடுபடாது. குறிப்புப் பத்தியைத் தூக்கியிருந்தால் இந்த இரண்டும் கலந்த 1.1தான் கையில் மிஞ்சியிருக்கும், அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

மாமாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது: மணல் இழுக்கும் ஆற்றோரக் கிணறு வைத்திருப்பவர்களில் சீல் போட்டு ஒரு சிறுபோகத்தைத் தாண்டியவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும், வாற போகம் தொடங்கும்போது ஒவ்வொருவரின் சீலின் வயதும், அதிலிருந்து கூட்டி வந்த சீல் எண்ணிக்கையும், அதற்கு மேல் வெறும் ஓட்டத்துக்கென்று ஒரு சிறு மேலதிகமும். வெறும் ஓட்டத்துக்கு அவரே ஒரு வழி கண்டார். பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு பம்பின் மேலும் 'தண்ணி நிரப்பிப் போட்டு இழு' என்று மஞ்சள் பெயின்றால் எழுதுகிறார்.

அடுத்த முறை மாற்றிச் செய்வேன் என்றால், பாமினி மாற்றத்தைத் தொடங்க முன் சொற்றொடர்ப் பட்டியலை மாமாவிடம் காட்டியிருப்பேன், கொப்பியை அவர் முன்னால் வைத்துக்கொண்டே. மாற்றுவதற்கு எழுதிய பைதன் துண்டை நான்கு தனிக் கோப்பாகப் பிரித்திருப்பேன்: எழுத்து, திகதி, நிலை, உருவம். ஒன்றாகக் கிடந்ததால் திகதியைத் திருத்தும்போதெல்லாம் பாமினியும் மறுபடி ஓடியது. ஒவ்வொரு படி முடிவிலும் வரி எண்ணிக்கை, பில் இலக்கங்களின் கூட்டுத்தொகை இரண்டையும் அச்சிடச் சொல்லியிருப்பேன்.

பட்டறையில் இப்போது கூகிள் ஷீட்ஸின் நாட்டு அமைப்பு நாள்-மாதம் வரிசையில் வாசிக்கும் ஒன்று. பழுதுக் காரணம் அடிக்கிற பத்தி இல்லை, தொட்டுத் தெரிகிற பட்டியல்: மணல், வெறும் ஓட்டம், கூடவே மாற்றியது, தெரியாது. பக்கத்தில் விருப்பப்படி எழுத ஒரு குறிப்புப் பத்தியும் இருக்கிறது, அதை நான் எடுக்கவிடவில்லை. அடுத்து இம்பெல்லர் கணக்கைப் பார்க்க ஆசை. பீட்டா, ஈட்டா என்ற இரண்டு எண்ணையும் கணிக்கக் குறைந்தது இரண்டு வெவ்வேறு வயதுப் பழுதாவது வேண்டும், நம்பிச் சாமான் வாங்க அதைவிட நிறைய வேண்டும். கைவசம் மூன்றுதான் இருக்கிறது. சிறுபோகம் முடிந்து பம்புகள் பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகு திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும்.